முகத்தில் நூல் போடக்கூடாது

எனக்குத் தாடி இருக்கிறது. ஒரு காலத்தில் இதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். இப்போது சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறை வரைக்கும் பெண்களெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். தாடியென்றால் மௌலவிமார் வைப்பதுபோல் நெஞ்சைத் தொடும் தாடியல்ல. நாடிக்குக் கீழும் தாடையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக, தடிப்பாக, விட்டால் சுருண்டு வளரும் முடி. முப்பது வயதில் தொடங்கியது. ஹார்மோன் குழப்பம் என்றார்கள். அதே குழப்பத்தால்தான் பிள்ளையும் தங்கவில்லை என்றார்கள். வர வேண்டியது வரவில்லை, வரக்கூடாதது வந்து குந்திக்கொண்டது.

என் கணவர் ஜெமீல் சம்மாந்துறைக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர். நெல் வாங்கி மில்லுக்குப் போடும் வியாபாரம். லொறி, மூட்டை, தூசி, சத்தம் என்று திரிகிற மனிதர், பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த மனிதர் என் தாடியைப் பற்றிப் பதினைந்து வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காலையில் குளியலறைக்குள் முடி பிடுங்கும் சாமணத்தை எடுத்துக்கொண்டு புகுந்தால், தேநீரைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் பிடுங்கிப் பிடுங்கி நாடி சீழ் கட்டிக் காய்ச்சலே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"ஏன் புள்ள இப்பிடி ஒன்னையே புடுங்கிக்கிட்டு இரிக்காய்? கல்முனைல லேசர் செய்ற டொக்டர் ஒராள் ஞாயிற்றுக்கிழமைல வாறாவாம். விசாரிச்சு வெச்சிரிக்கன். போவம்."

விசாரித்தாராம்! மருந்துக்கடையில் போய் அந்தத் தொண்டையோடு எப்படி விசாரித்தாரோ, அல்லாஹ்தான் அறிவான்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்கட ராத்தாக்கு மட்டும் சொல்லிராத. நல்ல மனிசிதான், ஆனா அவட வாய்க்குப் பூட்டில்ல."

ராத்தா என்றது அவருடைய மூத்த சகோதரி ஹுஸ்னியாவை. என் மதினி. உம்மா மௌத்தான பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவள். தன் மூத்த பிள்ளைக்கு முன்னால் தம்பிக்குச் சோறு போட்டவள். அவளிடம் மறைத்து அவர் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கியதில்லை. இதை மட்டும் மறைத்தார். கல்முனைக்குப் போகும் நாட்களில் அவள் போனில் கோல் எடுத்தால், "ஸுலைஹாட பிரஷர் கிளினிக் ராத்தா" என்று என் முகத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொல்வார்.

டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். முதல் நாளே என் சாமணத்துக்குத் தடை போட்டுவிட்டார். பிடுங்கக்கூடாது, நூல் போடக்கூடாது, மெழுகு பூசி இழுக்கக்கூடாது. லேசர் பாய்வது முடியின் வேரில் இருக்கும் கறுப்புக்குத்தானாம். வேரைப் பிடுங்கிவிட்டு வந்தால் வெறும் தோலைத்தான் சுடலாம். ஆகவே சவரம் மட்டும்தான் செய்யலாம் என்றார். பெண்பிள்ளை முகத்தில் ரேசரா என்று நான் விழுந்தடித்துக் கேட்டேன். "அதெல்லாம் கட்டுக்கதை, சவரம் செய்தா முடி தடிக்காது" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். எங்களைப் போல மாநிறத்துக்காரருக்குச் சூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டலாம். ஆறு ஏழு தடவையாவது வர வேண்டும், இடையில் விட்டால் செய்ததெல்லாம் வீண். ஹார்மோன் காரருக்கு முழுதாகப் போய்விடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், குறையும், மெலியும், அவ்வளவுதான். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

ஐந்து தடவை போனேன். நாலாம் தடவைக்குப் பிறகு ஒருநாள் ஜெமீல் சோற்றுக் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்றேன். "ஒண்டுமில்ல. ஒன்ட முகத்த வெளிச்சத்துல பாத்து எவ்வளவு காலம்" என்றார். வெட்கத்தில் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் தடவை முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை. நாவிதன்வெளியில் நெல் ஏற்றிக்கொண்டிருந்த லொறிப் பக்கத்திலேயே மனிதர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. இன்னாலில்லாஹி.

அதற்குப் பிறகு இத்தா. நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும். அலங்காரம் கூடாது, அவசியமில்லாமல் வெளியே போகக்கூடாது. அதை நான் குறை சொல்லவில்லை. அவருக்காக இன்னும் நாலு மாதம் இரு என்றாலும் இருந்திருப்பேன். ஆனால் துணைக்கென்று ஹுஸ்னியா மதினி பாயும் தலையணையுமாக வந்து என் வீட்டில் குடியேறினாள் பாருங்கள், அதுதான் தனி இத்தா. கூடவே மகள் முஸ்பிறாவையும் கூட்டி வந்தாள். முஸ்பிறா அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற பிள்ளை. வாய் பேசாது. எந்நேரமும் கைலேஞ்சித் துணியால் மேலுதட்டை மறைத்துக்கொண்டு திரியும். அந்தப் பிள்ளைக்கும் மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. லேசர் செய்யப் போகிறேன் என்று அது வருடக் கணக்காக உம்மாவிடம் அழுது கேட்பதும், ஹராம் என்று உம்மா வாயில் அடிப்பதும் எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

வெளியே போகும் பெண்ணுக்கு முகம் மூட ஒரு துண்டுத் துணி உண்டு. இத்தா வீட்டுக்குள் அது ஏது? வந்தவர்களெல்லாம் பெண்கள். கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதார்கள். முதல் கிழமைகளில் எனக்கு முகமிருக்கிறதா இல்லையா என்ற நினைப்பே இல்லை. பிறகு ஒருநாள் தொழுகைக்கு வுழுச் செய்து முகம் கழுவும்போது நாடி கையில் குத்தியது. ரேசரைத் தேடினேன், காணவில்லை. மதினி எடுத்து எறிந்துவிட்டாளாம்.

"மௌத்தானவன்ட ரேசர் எண்டு நினைச்சு எறிஞ்சன். ஒனக்கென்னத்துக்கு அது?" என்று கேட்டாள்.

அது என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த தடவை லேசருக்குப் போக வேண்டிய ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"மதினி, இந்த முகத்து முடிக்கு லேசர் செய்யச் சொல்லி டொக்டர் சொன்னவ. ஹார்மோன் வருத்தம்தானே இது. ஒருக்கா போய்ட்டு வரட்டா?"

அவள் கடலை கொறித்துக்கொண்டிருந்தவள். அப்படியே நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆருக்குக் காட்ட?" என்றாள். "என்ட தம்பி உசிரோட இரிக்கக்குள்ள இல்லாத ஆசை, அவன மண்ணுக்குள்ள வெச்சுப்போட்டு வருதா ஒனக்கு?"

நெஞ்சில் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. உன் தம்பிதான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிராத என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. உயிரோடிருந்தவரை என்னிடம் அவர் வேறு எதுவும் கேட்டதில்லை. விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் விட மனமில்லை. மற்றவர்களுக்கு அது முடி. எனக்கு அது அவர் தொடங்கி வைத்துவிட்டுப் போன வேலை. அந்த முகத்தைத்தான் அவர் வெளிச்சத்தில் பார்த்தது. அதைப் பழையபடி காடாக விட எனக்கு ஏலாது. என் தம்பி அர்ஷாத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சம் நெளிந்தான், பிறகு ஸைனுலாப்தீன் மௌலவியின் நம்பரைப் போட்டுத் தந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு நானே கதைத்தேன். மௌலவி தயங்கவேயில்லை.

"தங்கச்சி, பொம்புளைக்குத் தாடி வந்தா எடுக்கிறது கூடும். இத்தாவிலயும் கூடும். அது அலங்காரமில்ல, வருத்தம். புருவத்துல கை வைக்காதீங்க. பகல்ல போங்க, வேலைய முடிச்சிட்டு நேரா ஊட்ட வாங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அர்ஷாத்தும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "அப்ப நாப்பதாம் கத்தம் முடியட்டும் ராத்தா. வாற ஞாயிறு நானே கூட்டிப்போறன்" என்றான். மதினிக்கும் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் அதற்காக உருகவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுக்கும் அன்று விடிந்ததும் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வாசமும் நெய்ச்சோற்று வாசமுமாக இருந்தது. சஹன் தட்டுகளில் பரிமாற ஆட்கள் வந்துவிட்டார்கள். மதினி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பின்னாலேயே நப்லா. பஸாருக்குப் பின்னால் வீட்டில் வைத்துப் பெண்களுக்கு முகத்துக்கு நூல் போடுகிறவள். பல்லில் கடித்த நூலோடேயே வந்திருந்தாள்.

"சனம் வரப்போகுது" என்றாள் மதினி. "மேசைக்கு முன்னால குந்து. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவா."

எனக்குப் புரியவில்லை. "முடி எடுக்கிறது ஆருக்குக் காட்ட எண்டு கேட்டீங்களே மதினி?"

"அது லேசர். இது நூல். எங்கட உம்மாமார் காலத்துல இருந்து போடுறதுதானே."

நல்ல சட்டம்! கல்முனைக்குப் போய் எடுத்தால் ஹராம், கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தால் ஹலால். மௌலவிக்கும் தெரியாத கிதாபு இவளிடம் இருந்திருக்கிறது.

"நூல் போட ஏலா" என்றேன். "வேரோட போயிரும். மறுகா வாற ஞாயிறு லேசர் புடிக்காது. வேணுமெண்டா ஒரு ரேசர் வாங்கித் தாங்க, சவரம் செஞ்சுகொள்றன்."

"சவரமா! சனம் கன்னத்தோட கன்னம் வெச்சு ஸலாம் சொல்லும். குத்துமே! ஆம்புள போல சவரம் செஞ்சிருக்காள் எண்டு ஊரே சிரிக்கும். என்ட தம்பி தாடி வெச்ச பொண்டாட்டியோடயா வாழ்ந்தவன் எண்டு கேப்பாளுகள். அவன்ட மானத்தையாவது மிச்சம் வைக்க மாட்டியா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளிச்சமாகியது. அவளுக்கு என் இத்தாவும் பெரிதில்லை, மார்க்கமும் பெரிதில்லை. சனம் என்ன சொல்லும், அதுதான் அவள் தொழத் திரும்பும் கிப்லா. என் கோபம் தலைக்கேறிவிட்டது. நப்லாவின் கையைத் தட்டிவிட்டேன். "ஒருத்தரும் என்ட முகத்துல கை வைக்க வேணா" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாடியோடேயே வெளியே வந்து, பெண்கள் இருக்கும் விறாந்தை நடுவில் பாயில் உட்கார்ந்தேன்.

கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். யாரும் கேட்கவில்லை. பார்ப்பதும் பார்க்காததுபோல் சோற்றைப் பிசைவதுமாக இருந்தார்கள். அவருடைய தூரத்து மாமி ஹாஜறாவுக்கு மட்டும் காது கொஞ்சம் மந்தம், ஆகவே சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

"என்னகா ஸுலைஹா, நாடியில என்ன இது? முடியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னத்தச் சொல்ற மாமி. இவ நிய்யத்து வெச்சிரிக்கா. தம்பி மௌத்தான அண்டைக்கே சொல்லிப்போட்டா, இத்தா முடியிற வரைக்கும் கண்ணாடியும் பாக்க மாட்டன், முகத்துல ஒரு முடியும் எடுக்க மாட்டன் எண்டு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். கேக்கிறாளில்ல. அவன்ல அவ்வளவு உசிரு."

யா அல்லாஹ், பொய்யென்றால் இப்படியல்லவா சொல்ல வேண்டும்! மூச்சு வாங்காமல், இடையில் ஒரு விக்கலும் வைத்துச் சொன்னாள். ஹாஜறா மாமி கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, நாடியில், அந்த முடியிலேயே, முத்தமிட்டாள். "ஒனக்கு சுவர்க்கம்தான்கா" என்று விம்மினாள். பின்னால் ஒருத்தி, அதற்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசையாக வந்து என் தாடியைக் கொஞ்சினார்கள். "எனக்கும் துஆக் கேளுங்க ராத்தா" என்றாள் முன்பின் தெரியாத ஒரு பெண்.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உள்ளே அவர் பெயரைச் சொல்லித் துஆ ஓதிக்கொண்டிருந்தார்கள். அது ஒன்று. அவர் சொல்லாதே என்றது இரண்டு. மூன்றாவதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன. பதினைந்து வருடம் நான் ஒளித்த முகத்தை ஊர்ப் பெண்கள் முத்தமிட்டபோது, ஒரு நிமிடம் அது நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில்தான் கதவை அடைத்து மேலே பூட்டையும் போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் மத்ரஸாவில் பயான். பேச வந்த ஆலிமா, "நம்முட ஊர்ல ஒரு சகோதரி" என்று தொடங்கியதாக முஸ்பிறா வந்து சொன்னாள். பெயர் சொல்லவில்லையாம். பெயர் சொல்லவும் வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த நாள் ஸைனுலாப்தீன் மௌலவியே கோல் எடுத்தார். அவராவது உண்மையைக் கேட்பார் என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"தங்கச்சி, சட்டம் நான் சொன்னதுதான், எடுக்கலாம். ஆனா நீங்க புடிச்ச பேணுதல் அதுக்கும் மேல எண்டு கேள்விப்பட்டன். மாஷா அல்லாஹ். அல்லாஹ் கபூலாக்கட்டும்" என்றார்.

எனக்கே லேசருக்கு அனுமதி தந்தவர். அவருக்கும் அந்தக் கதைதான் இனித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளை உடுத்து, மேலே அபாயா போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அர்ஷாத் மோட்டார் சைக்கிளை வெளியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றான்.

"இப்ப எப்பிடி ராத்தா போற? பள்ளில நாலு பேர் என்ட கையப் புடிச்சு, ஒங்கட ராத்தா போல வருமா எண்டு கேக்கிறாங்க. மறுகா அந்த லேசர்க் கடை வாசல்ல ஒங்கள ஏத்தி இறக்கினா என்ன சொல்லுவாங்க? எங்கட குடும்பமே பொய்க்காரங்க எண்டுதானே?"

"பொய் சொன்னது நானாடா?"

"ஆரு சொன்னா என்ன? சொன்னது சொன்னதாச்சு. இத்தா முடியட்டும்."

"இத்தா முடிஞ்ச பொறகு?"

அவன் தொப்பியை மறுபடியும் போட்டுக்கொண்டான். அவனுக்கும் தெரியும். இத்தா முடிந்த அடுத்த நாள் முடியை எடுத்தால், அதற்காகத்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பார்கள். எடுக்காமல் விட்டால் சாகும்வரை தாடி வைத்த புனிதவதியாக, வலியுல்லாஹ்வாக இருக்கலாம். முன்பு தாடியை ஒளித்துத் திரிந்தேன். இப்போது அதைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அபாயாவைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன்.

அதற்குப் பிறகு கிழமைகள் போயின. தாடையோரத்தில் மெலிந்திருந்ததெல்லாம் தடித்து வந்தது. கண்ணாடி பார்க்க மாட்டேன் என்று நான் வைக்காத நிய்யத்தை இப்போது உண்மையாகவே நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். தாய்மார் பிள்ளைகளையும் கூட்டி வந்து காட்டினார்கள்.

அன்று சனிக்கிழமை, முஸ்பிறா கல்லூரியில் விசேட வகுப்பு முடிந்து நேரத்தோடு வந்தாள். கைலேஞ்சியை எடுக்காமலே அறைக்குள் போகப் பார்த்தாள். விறாந்தையில் ஹாஜறா மாமியும் இன்னும் மூன்று நாலு பெண்களும் என்னைச் சுற்றி இருந்தார்கள். மதினி மகளின் கையைப் பிடித்து இழுத்துக் கைலேஞ்சியைப் பறித்தாள்.

பிள்ளையின் மேலுதடு வெந்து, சிவந்து, ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. கடையில் ஏதோ முடி எடுக்கும் கிறீம் வாங்கிப் பூசியிருக்கிறாள். லேசருக்குத்தான் விடமாட்டார்களே, பாவம், வேறென்ன செய்வாள்.

"பாருங்ககா இவள!" என்று மதினி கூட்டத்தைப் பார்த்து அரற்றினாள். "அல்லாஹ் தந்த முகம் போதாதாம். லேசர் வேணுமாம், கிறீம் வேணுமாம். அடியேய், ஒன்ட மாமியப் பாரு. புருஷன் மௌத்தாகி, முகத்துல இவ்வளவு முடி வெச்சுக்கிட்டு எவ்வளவு பொறுமையா இரிக்கா. ஒரு நாளாவது லேசர் எண்டு கதைச்சாளா? பாத்துப் படி!"

முஸ்பிறா என்னைப் பார்த்தாள். நான் மௌலவியோடு கதைத்ததை அவளும் கேட்டவள்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, வெறுப்புத்தான் இருந்தது. நீயும் இவர்களோடுதானே என்றது. என்னை வைத்து என்னை அடித்தீர்கள், சரி. என்னை வைத்து இந்தப் பிள்ளையையும் அடிப்பீர்களா?

"இங்க வா மகள்" என்றேன். "எனக்கிட்ட வந்து இரி."

வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். ஹாஜறா மாமிக்கும் கேட்க வேண்டுமே.

"நான் லேசர் செஞ்சவ. அஞ்சு தரம். கல்முனையில. ஞாயிற்றுக்கிழமைல டொக்டர் வருவா. முதல்ல இந்தப் புண்ணு நல்லா ஆறட்டும், வெந்த தோலுல செய்ய மாட்டாங்க. கிறீம் இனிக் கையால தொடாத. நூலும் போடாத, வேர் இரிந்தாத்தான் புடிக்கும். போறதுக்கு முதல் நாள் சவரம் செய். வெக்கப்படாத, அதால முடி தடிக்காது. வெயில்ல அலையாத. அங்க கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, குளிரா ஒண்டப் பூசுவாங்க. மறுகா சுரீர் சுரீரெண்டு ரப்பர் பட்டியால அடிக்கிற போல இரிக்கும். ஆட்டுத்தல வாட்டுற மணம் வரும். பயந்திராத, அது ஒன்ட முடிதான். ரெண்டு நாளைக்குச் சிவந்திரிக்கும். பொறகு கொட்டும். கொட்டினது திரும்ப வரும், திரும்பப் போகணும். ஒரு தரத்துல முடியுமெண்டு எவளாவது சொன்னா நம்பாத. முழுசாப் போகுமெண்டும் நம்பாத. ஆனா குறையும். ஒரு நாளைக்கு வெளிச்சத்துல முகத்த வெச்சுக்கிட்டு இரிப்பாய், அது வரும்."

ஹாஜறா மாமி என் நாடியில் முத்தமிட்ட வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் கண்டேன்.

"அப்ப நிய்யத்து?" என்றாள் ஒருத்தி.

"நிய்யத்துமில்ல ஒண்டுமில்ல. அத மதினிட்டக் கேளுங்க."

பெண்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஸலாம் சொல்ல யாரும் கன்னம் தரவில்லை. வெளிவாசல் சாத்தும் வரை மதினி பொறுத்திருந்தாள். பிறகு என் மேல் பாய்ந்தாள்.

"பொய்! பொய் சொல்றாய்! அஞ்சு தரம் போனியா? ஆரோட போனாய்? என்ட தம்பி கண்ணுல மண்ணத் தூவிப்போட்டு ஆரோட போனாய்?"

"ஒங்கட தம்பியோடதான்" என்றேன். "அவர்தான் விசாரிச்சவர். அவர்தான் கூட்டிப்போனவர். நான் படுத்திருக்க, வெளியில மர வாங்குல குந்திக்கிட்டு இரிப்பார்."

"என்ட தம்பி எனக்கிட்ட பொய் சொல்ல மாட்டான். பிரஷர் கிளினிக் எண்டுதான்..." பாதியில் நின்றுவிட்டாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வருவது அவள் முகத்தில் தெரிந்தது.

"ஓம் மதினி. பொய்தான் சொன்னவர். எனக்காகச் சொன்னவர். நீங்க சொன்னது ஆருக்காக?"

அவள் பாயில் இருந்துவிட்டாள். "ஏன் என்னட்டச் சொல்லல்ல?" என்று கேட்டாள். அது என்னைக் கேட்ட கேள்வியல்ல. "நான் வளத்த புள்ள. என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"ஒங்களுக்குச் சொன்னா ஊருக்குச் சொல்லுவீங்க எண்டு."

அப்போது அழுதாள். மௌத்து வீட்டில் சனத்துக்குக் கேட்க அழுத அழுகையல்ல. வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, பாயைப் பிறாண்டிக்கொண்டு அழுதாள். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆனால் சந்தோஷமும் வரவில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் நாலு பெண்களுக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். ராத்தாவின் மனதை நோகடிக்காதே என்றுதான் கேட்டிருக்கிறார். இவள் ஒருத்தியிடம் மறைத்ததும் இவள் மேல் வைத்த அன்பால்தான். இனி அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை.

முஸ்பிறா உம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை மாமி" என்றாள் மெதுவாக.

"தெரியும்" என்றேன். "அர்ஷாத் மாமா வர மாட்டார், எனக்குத் தொணைக்கு நீ வா. காலைல ஓட்டோ ஒண்டுக்குச் சொல்லு. கடைக்குப் போய் எனக்கொரு ரேசரும் வாங்கிட்டு வா. மறைக்காம, கைல புடிச்சுக்கிட்டு வா."